ஆள்கடத்தலில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு மருத்துவ உதவியை அரசு எப்படி ஒருங்கிணைக்கிறது? நடைமுறையில் எங்கே அறுந்துபோகிறது?

தேவையான சேவைகளில் பெரும்பாலானவை அரசிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் மீட்கப்பட்ட ஒருவரின் உடல்நலத்துக்கு அடுத்த ஆறு மாதம் யார் பொறுப்பு என்று எந்தச் சட்டமும் ஓர் அலுவலரைச் சுட்டிச் சொல்லவில்லை. கேள்வியின் இரண்டாம் பாதிக்கான விடை பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. இந்தியச் சட்டங்களையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து எழுதுகிறேன்.

மீட்பது காவல்துறையின் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு. கொத்தடிமை என்றால் விசாரித்து விடுவிப்புச் சான்று தருபவர் கோட்டாட்சியர். பெண்களைத் தங்கவைப்பது சமூகநலத் துறை, குழந்தைகளைப் பொறுப்பேற்பது குழந்தைகள் நலக் குழு, இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. இந்த வரிசையில் சுகாதாரத் துறை எங்கே? யாராவது மெமோ எழுதி அனுப்பினால்தான் அது உள்ளே வருகிறது. மீட்பு, மறுவாழ்வு எல்லாவற்றையும் ஒரே குடையில் கொண்டுவர 2018இல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் எடுத்துக்கொள்ளப்படாமலே காலாவதியானது. அதனால் இன்றும் ஐந்தாறு சட்டங்களை ஒட்டுப்போட்டுத்தான் வேலை நடக்கிறது.

ஒட்டுப்போட்ட இடத்தில் இருக்கும் பெரிய ஓட்டை பலருக்குத் தெரியாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவமனைகளும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு. மறுத்தால் ஓராண்டு வரை சிறை. ஆனால் அந்தப் பிரிவு எண்ணிச் சொல்லும் குற்றங்கள் பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் சில பிரிவுகள் மட்டுமே. ஆள்கடத்தலுக்கான 143, கடத்தப்பட்டவரைச் சுரண்டுவதற்கான 144 (இரண்டும் குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில்) அந்தப் பட்டியலில் இல்லை. செங்கல் சூளையில் கை நசுங்கிய ஆண் தொழிலாளி இந்த உரிமையைக் காட்டித் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை கேட்க முடியாது. பாலியல் வன்முறை நடந்திருந்தும் முதல் தகவல் அறிக்கையில் 143 மட்டும் போட்டிருந்தால், அந்தப் பெண்ணுக்கும் ரிசப்ஷனில் வாக்குவாதம்தான். ஆகவே பிரிவுகளை முழுமையாகச் சேர்க்கச் சொல்வது வழக்குக்கு மட்டுமல்ல, சிகிச்சைக்கும் தேவை. அதுவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ நேராகப் போவதே புத்திசாலித்தனம்.

முதல் நாளில் நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் அது எல்லாவற்றையும் கெடுக்கும். பரிசோதனை வழக்குக்காக நடக்கிறது, ஆளுக்காக நடப்பதில்லை. கேஷுவாலிட்டியில் காயங்களை எழுதி ஏ.ஆர். காப்பி (விபத்து, காயப் பதிவேட்டின் நகல்) போட்டு, சாம்பிள் எடுத்து, கையெழுத்து வாங்கியதும் 'மெடிக்கல் முடிஞ்சுது' என்று ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். சிகிச்சை என்று எதுவும் நடந்திருக்காது. இத்தனைக்கும் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கான மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் சிகிச்சையையும் ஆதாரச் சேகரிப்பையும் ஒன்றாகவேதான் வைக்கிறது. காவல்துறையின் மெமோ இல்லாமல் நேராக வந்தாலும் பார்க்க வேண்டும் என்பதும், ஆதாரம் எடுக்க வேண்டாம் என்று அவர் மறுத்தாலும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கின்றன. பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இலும் 2022இலும் சொல்லிவிட்டது. இன்னும் யாராவது அதை எழுதினால் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பாலியல் சுரண்டலில் இருந்து மீட்கப்பட்டவர் என்றால் மணிக்கணக்கு முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கடைசி வன்முறை நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ரத்தப் பரிசோதனை முடிவுக்காக முதல் மாத்திரையை நிறுத்திவைக்கக் கூடாது. தொடங்கிவிட்டால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தடை அவசர மாத்திரைக்கு 72 மணி நேரம் என்பார்கள். 120 மணி நேரம் வரை கொடுக்கலாம், பலன் குறைந்துகொண்டே போகும். உடலில் இருந்து சாம்பிள் எடுக்க 96 மணி நேரம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இன்று, ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில் என மூன்று முறை.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மீட்பு பெரும்பாலும் இரவில் நடக்கும், எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையமோ மாலையில் மூடிவிடும். கேஷுவாலிட்டியில் தடுப்பு மருந்து இருப்பு இருக்கிறதா, சாவி யாரிடம் என்று மீட்புக்குக் கிளம்பும் முன்பே போன் போட்டுக் கேட்டுவைக்க வேண்டும். இரண்டு, 28 நாள் மருந்தில் முதல் சில நாளுக்கானதை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பெண்கள் உதவி எண் 181 மூலம் போகும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க ஐந்து நாள்தான் அனுமதி. ஆறாம் நாள் வேறு இல்லத்துக்கு மாற்றும்போது மாத்திரைச் சீட்டு பழைய இடத்திலேயே ஃபைலில் தங்கிவிடும். மருந்து நின்றுபோவது இப்படித்தான். முழு 28 நாளுக்கும் மருந்தைக் கேட்டு வாங்கி, மருந்துச் சீட்டின் நகலை ஆளோடு அனுப்புங்கள்.

கர்ப்பப் பரிசோதனையை அவரது சம்மதத்தோடு முதல் நாளே செய்துவிட வேண்டும். கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவர் போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கும் 18 வயது ஆகாதவர்களுக்கும் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். அதைத் தாண்டினால் உயர் நீதிமன்றம்தான். 22ஆம் வாரத்தில் தெரியவந்து, 'ஆர்டர் வாங்கிட்டு வாங்க' என்று யாரோ தேவையில்லாமல் சொல்லி, அலைந்து முடிப்பதற்குள் 24 தாண்டிவிடுவது தவிர்க்கக்கூடிய கொடுமை. கலைப்புக்குப் பிறகு டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பும் திசுவை வழக்கம்போல ஃபார்மலினில் போட்டுவிட்டால் டி.என்.ஏ. கெட்டுவிடும். நார்மல் சலைனில், ஐஸ் வைத்த பெட்டியில் போக வேண்டும். லேபர் வார்டில் நைட் டியூட்டியில் இருப்பவருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விசாரணை அதிகாரி வாயால் சொல்வதோடு நிற்காமல் மெமோவிலேயே எழுதிவிட வேண்டும்.

வயது விஷயத்தில் எடுத்த எடுப்பிலேயே எலும்பு எக்ஸ்ரேக்கு அனுப்புவது தவறு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவுப்படி முதலில் பள்ளிச் சான்று, இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. எக்ஸ்ரே கணிப்பில் இரண்டு வயது முன்பின் இருக்கும் என்று உச்ச நீதிமன்றமே 1982இல் சொல்லியிருக்கிறது. பதினாறு வயதுப் பெண்ணைப் பதினெட்டு என்று எழுதிவிட்டால் அவள் குழந்தைகள் நலக் குழுவின் பார்வையிலிருந்தே மறைந்துபோவாள்.

சில காப்பகங்கள் 'எச்.ஐ.வி. ரிப்போர்ட் இருந்தால்தான் அட்மிஷன்' என்கின்றன. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி விளக்கிச் சொல்லிப் பெற்ற சம்மதம் இல்லாமல் பரிசோதனையே கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. பரிசோதனை அவர் நலனுக்காக, நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்), கவுன்சலர் முன்னிலையில் நடக்கட்டும். அதையும் ஒரு தடவையோடு விடக் கூடாது: ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று திரும்பச் செய்ய வேண்டும். வயதுவந்த பெண்ணை அவர் விருப்பத்துக்கு எதிராகக் காப்பகத்தில் அடைத்துவைப்பது பற்றி 2022 மே மாதத்தில், பாலியல் தொழிலாளர்களின் உரிமை பற்றிய புத்ததேவ் கர்மஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகப் பேசியிருக்கிறது. 'சிகிச்சை முடியட்டும்' என்று சொல்லி அடைத்துவைப்பதும் அதில் சேர்ந்ததுதான் என்பது என் கருத்து.

மனநலத்துக்கு மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அதன் மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில்தான் வருவார், அந்த நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416. கட்டிவைத்து வேலை வாங்கிய இடங்களில் தூக்க மாத்திரையோ சாராயமோ கொடுத்துப் பழக்கியிருப்பது உண்டு. மீட்ட இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுக்கம், வியர்வை, பிதற்றல் வந்தால் அது 'பயம்' இல்லை. போதை நிறுத்தத்தின் விளைவாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. கவுன்சலரிடம் அனுப்பினால் போதாது, வார்டில் சேர்க்க வேண்டும்.

கொத்தடிமை மீட்பில் படம் வேறு. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் சூளைகளில் ஒடிசா, சத்தீஸ்கர் குடும்பங்கள். அரிசி ஆலை, மரம் வெட்டும் இடங்களில் இருளர் குடும்பங்கள். இங்கே தேவைப்படுவது ரத்தசோகை, காசநோய், தோல் நோய், பழைய எலும்பு முறிவு, குழந்தைகளின் விட்டுப்போன தடுப்பூசி, எங்குமே பதிவாகாத கர்ப்பிணிகள். கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போது அரசு தரும் பிக்மி எண் இல்லாமல் பிரசவமானால் குழந்தையின் பிறப்புச் சான்றும் இழுபறியாகும். ஆனால் கோட்டாட்சியர் விசாரணை நாள் முழுக்க நடக்கும், சான்று கையில் வரவே இருட்டிவிடும், மறுநாள் ரயில். மருத்துவம் நடுவில் விழுந்துவிடுகிறது. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. வட்டார மருத்துவ அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு, பள்ளிகளுக்குப் போகும் நடமாடும் மருத்துவக் குழுவை விசாரணை நடக்கும் இடத்துக்கே வரவழைத்துவிடலாம். ஒருவர் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவருக்குச் சளிப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்துவிடலாம். மொழிபெயர்க்க மேஸ்திரியையோ அவருடைய ஆளையோ மட்டும் பக்கத்தில் விடாதீர்கள். 'உடம்புக்கு ஒண்ணும் இல்லையாம்' என்பதைத் தவிர வேறு எதையும் அவர் மொழிபெயர்க்கமாட்டார்.

காப்பீட்டு அட்டையை நம்பி இருக்கவும் முடியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் ஆயுஷ்மான் பாரத்தும் முக்கியமாக உள்நோயாளிச் சிகிச்சைக்கானவை. இவர்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஓ.பி.யில் முடிவது. பஸ் கட்டணம், ஸ்கேன், சத்தான சாப்பாடு இவற்றுக்குக் கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தின் உடனடி உதவித்தொகை (30,000 ரூபாய் வரை) இருக்கிறது. மீதி மறுவாழ்வுத் தொகைபோல இது குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டத்தில் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிரந்தர நிதி இதற்காகவே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 'ஃபண்ட் வரலை' என்ற பதிலுக்கு இந்த விதியைக் காட்டுங்கள்.

சொந்த ஊருக்குத் திரும்புவதுதான் மிக மோசமாக அறுந்துபோகும் இடம். காசநோய்க்கு மருந்து குறைந்தது ஆறு மாதம். இங்கே பதிவாகும் நிக்ஷய் எண்ணை (அரசின் காசநோயாளிகள் பதிவு எண்) ஒடிசாவில் உள்ள மாவட்டத்துக்கு ஆன்லைனிலேயே மாற்றிவிடலாம், மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகையும் தொடரும். ஆனால் மாற்றம் கிடைத்த பணியாளர் ஆளைத் தேடிப்போக ஒரு போன் நம்பரும் ஊர்ப் பெயரும் வேண்டும். போனை முதலாளி பிடுங்கி வைத்திருந்திருப்பார். பதிவில் பெரும்பாலும் மீட்புக் குழுவில் இருந்த யாரோ ஒருவரின் நம்பர் இருக்கும். ஊரில் அண்ணன், மாமா, ரேஷன் கடைக்காரர், ஆஷா பணியாளர் என்று இரண்டு மூன்று நம்பர்களை வாங்கி ஏற்றுங்கள். ஒரு மாத மருந்தைக் கையில் கொடுங்கள். நோய், மருந்து, அடுத்த பரிசோதனைத் தேதி மூன்றையும் ஒரே தாளில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி, ஒரு நகலை அவரிடமும் ஒன்றை அந்த மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். அந்தத் தாளில் வழக்கு எண்ணோ, எங்கிருந்து மீட்கப்பட்டார் என்பதோ இருக்கக் கூடாது. ஊரில் அதைப் படிக்கப்போவது மருத்துவர் மட்டும் இல்லை.