டவுன்டன் மாளிகை: மாத்யூவின் சாவும் டெய்சியின் பேச்சும்

மாடியில் ஒரு பிரபு குடும்பம், கீழே அவர்களுடைய வேலைக்காரர்கள் என்று ஒரே வீட்டில் நடக்கும் பிரிட்டிஷ் டிவி தொடர் 'டவுன்டன் அபி'. அதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அந்த வீட்டுக்கே. கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே வருகின்றன. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது சீசனில் சிபில் போகிறாள், கடைசியில் மாத்யூவும் போகிறார். கதைக்காகச் சாகடித்தார்களா, நடிகர்கள் விலகியதாலா? (வாசகி, மதுரை)

நடிகர்கள் விலகியதால்தான். மாத்யூவாக வந்த டேன் ஸ்டீவன்ஸ், சிபிலாக வந்த ஜெஸிகா பிரவுன் ஃபின்ட்லே இருவரும் மூன்று சீசனுக்குத்தான் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அது முடிந்ததும் வேறு வேலைகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். எழுதுகிற ஜூலியன் ஃபெலோஸுக்கு வேறு வழி இருக்கவில்லை. பணிப்பெண் விலகினால் வேறு வீட்டில் வேலை கிடைத்தது என்று சொல்லிச் சமாளிக்கலாம். பிரபுவின் மகள் சிபிலை எங்கே அனுப்புவது? பல வருடம் தவித்துக் கல்யாணம் செய்துகொண்ட சிபிலின் அக்கா மேரியை விட்டு மாத்யூ எங்கோ போய்விட்டார் என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் அந்த இரண்டு சாவையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். சிபிலின் சாவை இன்னொரு முறை பாருங்கள். பிரசவ நேரம். கணுக்கால் வீங்கியிருக்கிறது, பேச்சு குழறுகிறது, சிறுநீரில் புரதம் இருக்கிறது. ஊர் டாக்டர் கிளார்க்சன் அபாயத்தைக் கண்டுபிடித்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சிசேரியன் செய்யலாம் என்கிறார். லண்டனிலிருந்து வரவழைத்த சர் பிலிப் டாப்ஸெல் அதை ஒதுக்கித் தள்ளுகிறார். அப்பா ராபர்ட் லண்டன் டாக்டர் பக்கம் நிற்கிறார். கிளார்க்சன் முன்பு மாத்யூவின் முதுகெலும்புக் காயத்தைத் தவறாகக் கணித்தவர் என்பது அவருடைய நியாயம். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒருவர் 'சர்' பட்டமும் மேட்டுக்குடி ஆங்கிலமுமாக நிற்கிறார், மற்றவர் ஸ்காட்லாந்து வாடை வீசும் ஊர் டாக்டர். அந்த அறையில் யார் சொல் எடுபடும் என்பது அவர்கள் வாய் திறந்தபோதே பாதி முடிவாகிவிட்டது. குழந்தை நல்லபடியாகப் பிறந்து எல்லோரும் தூங்கப் போன பிறகு வலிப்பு வருகிறது. இரண்டு டாக்டரும் அங்கேயே நிற்கிறார்கள், ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்த பகுதி இன்னும் கனமானது. சிபிலின் அம்மா கோராவால் கணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாட்டி வயலட் கிளார்க்சனிடம் போய், பிழைக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவாகத்தான் இருந்தது என்று அவர்களிடம் சொல்லச் சொல்கிறாள். அவரும் வந்து சொல்கிறார். ஒரு நடிகை விலகியதிலிருந்து இவ்வளவு கதையை எடுத்திருக்கிறார்கள்.

மாத்யூவுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. மகனைக் கையில் ஏந்திவிட்டு வீட்டுக்குக் கார் ஓட்டி வருகிறார், எதிரே லாரி, முடிந்தது. பிரிட்டனில் அதை ஒளிபரப்பியது 2012 கிறிஸ்துமஸ் இரவில்! குடும்பமாக உட்கார்ந்து பார்த்தவர்கள் கோபப்பட்டதில் ஆச்சரியமே இல்லை. அத்தனை பகுதிகள் சுமந்த ஒரு பாத்திரத்துக்கு அது அவசர முடிவு என்பதுதான் என் கருத்து. மேரி துக்கத்திலிருந்து மெல்ல எழுந்து வருவது மட்டும் அதற்கு ஓரளவு ஈடு.

கதை நடப்பது வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில். ஆனால் மாடியில் இருப்பவர்கள் ஒருவர்கூட யார்க்‌ஷயர் ஆங்கிலம் பேசவில்லை. கீழே சமையலறையிலோ ஆளுக்கொரு பேச்சு. இது தவறு இல்லையா? (வாசகர், கோவை)

தவறே இல்லை, அதுதான் சரி. பிரபு குடும்பத்துக்கு நிலம் யார்க்‌ஷயரில் இருக்கும், பேச்சு அங்கே வேர்விடாது. பையன்களுக்கு விடுதிப் பள்ளி, பெண்களுக்கு வீட்டு ஆசிரியை, வருடாவருடம் லண்டன் விருந்துகள். எந்த மாவட்டத்துப் பிரபுவானாலும் ஒரே மாதிரிதான் பேசுவார். மாத்யூ மான்செஸ்டர்காரராயிற்றே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அவர் டாக்டர் மகன், படித்து வக்கீலானவர். அந்த வர்க்கத்தில் ஊர்ப் பேச்சு பள்ளியோடு போய்விடும். அவர் வேற்றாள் என்பதை உடுப்பில்தான் காட்டுகிறார்கள். சட்டையைத் தானே மாட்டிக்கொள்கிறார். உடுத்திவிட வந்த மோஸ்லி செய்ய வேலையின்றி நிற்கிறார்.

கீழே வேலை செய்பவர்கள் பல ஊர்க்காரர்கள். பெரிய வீடுகளில் பக்கத்துக் கிராமத்து ஆட்களைத் தவிர்த்துத் தூரத்திலிருந்து வேலைக்கு எடுப்பது வழக்கம். வீட்டு விஷயம் ஊருக்குள் கசியாது பாருங்கள். பணிப்பெண்களின் தலைவி மிஸஸ் ஹியூஸ் ஸ்காட்லாந்து. நடித்த ஃபிலிஸ் லோகனும் அங்கே பெய்ஸ்லி ஊர்க்காரர். சமையல்கார மிஸஸ் பாட்மோராக வரும் லெஸ்லி நிக்கல் மான்செஸ்டரில் பிறந்தவர். அசல் யார்க்‌ஷயர்காரர்களும் உண்டு. சமையலறைப் பெண் டெய்சியாக வரும் சோஃபி மக்‌ஷெரா பிராட்ஃபோர்டு. பணிப்பெண் அன்னாவாக வரும் ஜோன் ஃப்ராகட் விட்பிக்குப் பக்கத்தில் லிட்டில்பெக் கிராமம். ஜிம் கார்ட்டர் ஹாரகேட்டில் பிறந்தவர், ஆனால் அவர் நடிக்கும் கார்சன்தான் கீழ்த்தளத்தில் எஜமானுக்கு மிக நெருக்கமான ஆங்கிலம் பேசுகிறார். பட்லர் பதவிக்கு வந்தவர் பேச்சையும் மாற்றிக்கொண்டிருப்பார். நல்ல கவனிப்பு அது.

டெய்சியைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'கப்' என்பது 'குப்' என்று விழும், 'லவ்' என்பது 'லுவ்'. 'பாத்' (குளியல்) என்ற சொல்லை மாடியில் இழுப்பார்கள், அவள் வெட்டிவிடுவாள். இதுவும் நமக்காக மெருகேற்றிய பேச்சுதான். கதை தொடங்கும் 1912இல் நிஜமான சமையலறைப் பெண் பேசியிருந்தால் லண்டன்காரருக்கே பாதி புரிந்திருக்காது. ஆதாரம் வேண்டுவோருக்கு ஒன்று: லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டன் வழிநடத்திய, ஆங்கில வட்டாரப் பேச்சு பற்றிய கள ஆய்வு 1950 முதல் 1961 வரை நடந்தது. 313 இடங்களில் பெரும்பாலும் வயதான கிராமத்தவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்தார்கள். அவர்களில் பலர் டெய்சியின் வயதுக்காரர்கள். அந்த ஒலிப்பதிவுகளில் ஒன்றைக் கேட்டுவிட்டுத் தொடருக்குத் திரும்பினால், எவ்வளவு இளக்கியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

அப்புறம், க்வென் என்ற பணிப்பெண்ணாக வந்த ரோஸ் லெஸ்லி வளர்ந்தது ஸ்காட்லாந்தில், சொந்தக் குடும்பத்துக் கோட்டையில். அந்த யார்க்‌ஷயர் பேச்சு முழுக்கப் பயிற்சி!

டிரைவர் பிரான்சனை ஏன் ஐரிஷ்காரர் ஆக்கினார்கள்? (வாசகர், சென்னை)

முதலில் அவர் யார்க்‌ஷயர்காரராகத்தான் எழுதப்பட்டார். அவராக நடித்த ஆலன் லீச் டப்ளின்காரர் என்பதால் பாத்திரத்தையே மாற்றினார்கள். தொடரில் எடுத்த மிக நல்ல முடிவு என்று அதைத்தான் சொல்வேன். அயர்லாந்தில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் தன் உறவுக்காரப் பையனை ஆங்கிலேயச் சிப்பாய் சுட்டதை அவர் சிபிலிடம் சொல்லும் இடம் ஒன்று போதும். யார்க்‌ஷயர் டிரைவருக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வரும்?

கோராவின் பணிப்பெண் ஓ'பிரையன் திடீரென்று காணாமல் போய்விட்டாளே? (வாசகி, திருச்சி)

நடிகை ஷிவான் ஃபின்னரன் போதும் என்று விலகிக்கொண்டார். நான்காவது சீசன் தொடங்கும்போது ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது: ஃபிளின்ட்‌ஷயர் சீமாட்டியோடு இந்தியாவுக்குப் போகிறாள், சீமாட்டியின் கணவருக்குப் பம்பாயில் பதவி. சொல்லாமல் ராத்திரியோடு கிளம்பியது அவள் குணத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் அவள் நகர்த்திய சோப்பில் கோரா வழுக்கி விழுந்து கரு கலைந்ததே, அது கோராவின் காதுக்கு எட்டாமலே போய்விட்டது. அதை விட்டுவிட்டது பெரிய குறை.

ஃபின்னரனின் நடிப்பு பிடித்திருந்தால் 'ஹேப்பி வேலி' பாருங்கள். யார்க்‌ஷயரின் கால்டர் பள்ளத்தாக்கில், இந்தக் காலத்தில் நடக்கும் போலீஸ் கதை. நாயகியின் தங்கையாக வருகிறார். அங்கே பேச்சை யாருக்காகவும் இளக்கவில்லை. முதல் இரண்டு பகுதிக்கு சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.