தாளைப் படித்தால் போதாதா?

கேள்வி: டி.வி.யில் சிம்பன்ஸிகளைப் பற்றிப் பேச முனைவர் பட்டம் எதற்கு? பி.பி.சி. விலங்குத் தொடர்களில் வரும் சார்லட் ஊலன்புரோக் போன்றவர்கள் காட்டில் வருடக்கணக்கில் கிடந்தது வீண்தானே? எழுதிக் கொடுத்ததை அழகாகப் படித்தால் போதாதா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: போதும், சிம்பன்ஸியும் அதே தாளைப் படித்துவிட்டு வருமானால்.

ஊலன்புரோக் பிரிஸ்டலில் விலங்கியலும் உளவியலும் படித்தவர். தான்சானியாவின் கோம்பே காட்டில் நான்கு ஆண்டுகள் சிம்பன்ஸிகளின் கூவலை ஆராய்ந்தார். பி.பி.சி. தொடர்கள் அதற்குப் பிறகுதான்.

‘பேன்ட்-ஹூட்’ என்கிற அந்தக் கூவல் தாழ்ந்த ‘ஊ’வில் தொடங்கும், மூச்சை இழுத்து விட்டு வேகம் பிடிக்கும், அலறலாக உச்சம் தொடும், பிறகு இறங்கி அடங்கும். எல்லாக் கூவலிலும் இந்த நான்கு கட்டமும் இருக்காது. வம்பு அங்கேதான். தூரத்தில் நின்று பதிந்தால் மெல்லிய தொடக்கம் மைக்கில் விழாது, ஓடைச் சத்தமும் அதை விழுங்கும். தொடக்கமே இல்லாத கூவல் என்று தப்பாகக் கணக்கெழுதிவிடுவோம். ஒட்டிப் போகவும் முடியாது. நம் சளி அவற்றைக் கொல்லும் என்பதால் சில மீட்டராவது விலகி நிற்க வேண்டும். கூவல் முடிந்ததும் அதே ரெக்கார்டரில் தணிந்த குரலில் சொல்லிவிட வேண்டும்: கூவியது யார், மணி என்ன, எத்தனை மீட்டர் தள்ளி, என்ன செய்துகொண்டிருந்தது, பதில் கொடுத்தது யார். இரண்டு ஆண் சிம்பன்ஸிகள் சேர்ந்து கூவினால் ஒலியைப் படமாக வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். யாருடையது எது என்று பிரித்து அளப்பது பெரும்பாடு.

யாரைப் பின்தொடர்வது என்பதற்கும் முறை உண்டு. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் தெளிவாக வகுத்தது: ஒரு விலங்கு, முன்பே குறித்த நேரம், அது முடியும்வரை அதை மட்டுமே பார்ப்பது. கண்ணில் பட்டதையெல்லாம் குறித்தால் ஆர்ப்பாட்டம் செய்யும் ஆண்களே நோட்டை நிறைப்பார்கள். குட்டியோடு ஒதுங்கித் தின்னும் தாய் விடுபட்டுப்போவாள். எடிட்டிங் அறைக்கும் இதே ஓரவஞ்சனை உண்டு. சண்டைக் காட்சி என்றால் அதற்கு உயிர்!

பல்லை இளிக்கும் சிம்பன்ஸியைக் காட்டி ‘சிரிக்கிறது’ என்று உங்கள் தாளில் எழுதியிருக்கும். சத்தமில்லாத அந்த இளிப்பு பெரும்பாலும் பயம், பணிவு. விளையாட்டு முகத்தில் வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேல்பல்லை உதடு மூடியிருக்கும். அழகாகப் படிப்பவர் அந்த வரியையும் அழகாகப் படித்துவிட்டுப் போவார்.

உங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில் நாட்டுக்குரங்குகள் உண்டு. ஒரே குரங்கை 10 நிமிடம் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். பிஸ்கட் மட்டும் நீட்டாதீர்கள், அப்புறம் அது உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.