கத்திரி வெயிலில் தக்காளி: கேட்டதும் சொன்னதும்

கோடையில் தக்காளி வளர்ப்பது பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் திருச்சியில் மொட்டை மாடியில் வளர்க்கிறேன், அதனால் பதில்கள் எல்லாமே சமவெளி வெயிலுக்கானவை. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

வேலூரிலிருந்து: செடி பச்சைப்பசேல் என்று இருக்கிறது, கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, எல்லாம் காம்போடு உதிர்ந்துவிடுகிறது. என்ன உரம் போடலாம் அண்ணா?

ஒரு உரமும் வேண்டாம். இது பசியால் வந்த கோளாறு இல்லை, சூட்டால் வந்தது. எல்லோரும் பகல் வெயிலையே திட்டுகிறோம், ஆனால் தக்காளியைக் கவிழ்ப்பதில் இரவுக்கும் பெரிய பங்கு உண்டு. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் நன்றாகக் காய் பிடிக்கும், 24-ஐத் தாண்டினால் பிடிப்பு சரிய ஆரம்பிக்கும். மே மாதத்தில் உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் விடியற்காலையில் கூட 26, 27-க்குக் கீழே இறங்குவதில்லை. அதோடு பகல் 40 சேரும்போது மகரந்தம் செத்துப்போகிறது, சில பூக்களில் மகரந்தத்தை வாங்கும் சூல்முடி, பூ நடுவில் இருக்கும் மகரந்தக் கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டுவிடும், அப்போது நல்ல மகரந்தம் இருந்தாலும் அது போய்ச் சேராது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மகரந்தம் கெடுவது பூ விரிந்த அன்று இல்லை, மொட்டாக இருக்கும்போதே, ஏறக்குறைய 8 முதல் 13 நாள் முன்னால். அதனால் நேற்று ஒரு கோடை மழை பெய்து குளிர்ந்தது, இன்றைக்கும் பூ கொட்டுகிறதே என்று பதற வேண்டாம், மழையின் பலன் பத்து நாள் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வைத்தது) அடித்தால் பூ நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அடியுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் செத்த மகரந்தத்தை அது எழுப்பாது. யூரியா மட்டும் வேண்டவே வேண்டாம், இலைதான் பெருக்கும்.

அதே வேலூர் நண்பர்: அப்படியென்றால் மே மாதம் கோயம்பேட்டுக்கு மட்டும் எங்கிருந்து லாரி லாரியாகத் தக்காளி வருகிறது?

நல்ல கேள்வி. கோலார், மதனப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி பக்கங்களிலிருந்து. கோலார் 800 மீட்டருக்கு மேல் இருக்கிறது, பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி இறங்கிவிடும். அந்த நாலைந்து டிகிரியில்தான் வியாபாரமே நடக்கிறது.

கோவையிலிருந்து: கோடைக்கு எந்த ரகம் வாங்கலாம்?

கோவைக்கு இரவு கொஞ்சம் கருணை காட்டும், உங்களுக்குக் கவலை குறைவு. நான் முதலில் சொல்வது பிகேஎம் 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அண்ணஞ்சி உள்ளூர் ரகத்திலிருந்து எடுத்தது, நம் வெயிலுக்குப் பழகினது. காம்புப் பக்கம் பச்சையாகத் தோள் தெரியும், அது அதன் குணம், நோய் இல்லை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா விகாஸ் ஈரப் பற்றாக்குறையைத் தாங்கும். இலைச்சுருட்டை வைரஸ் தொல்லை அதிகம் என்றால் அதே நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், ஆனால் அது வீரிய ஒட்டு (ஹைப்ரிட்), விதை எடுத்து வைத்தால் அடுத்த முறை தாயைப் போல வராது. டெல்லியின் பூசா சதாபஹார் சூடான இரவிலும் காய் பிடிப்பதற்காகவே உருவாக்கியது, நம் பக்கம் விதை கிடைப்பதுதான் கஷ்டம். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் செர்ரி தக்காளி ஒரு வளர்ப்புப் பையிலாவது வையுங்கள், பெரிய பழ ரகங்கள் வேலை நிறுத்தம் செய்யும் நாட்களிலும் அது நாலு கொடுக்கும். வெளிநாட்டுப் பெரிய ‘பீஃப்ஸ்டேக்’ விதைகளைப் படம் பார்த்து வாங்குபவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

சென்னை கொளத்தூரிலிருந்து: நிழல்வலை 50 சதவீதமா 75-ஆ? கடைக்காரர் 75 தான் நல்லது என்கிறார்.

75 வேண்டாம் அக்கா, அதற்கடியில் தக்காளி வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டுகொண்டே போகும், பூக்காது. 35 கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் 50. வலையைச் செடியின் தலையில் போர்த்துவது போல் கட்டாதீர்கள், ஆறு ஏழு அடி உயரத்தில் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள், காற்று போனால்தான் சூடு போகும். வலைக்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் மேற்கு வெயிலை மட்டுமாவது மறையுங்கள், பழைய பருத்திப் புடவை போதும். காலை வெயில் முழுசாக விழட்டும், மதியம் ஒரு மணிக்கு மேல் அடிப்பதுதான் பழத்தைச் சுடும்.

வலையை விட நான் முக்கியமாக நினைப்பது தரை. சிமென்ட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதன் மேல் கறுப்புப் பையை நேராக வைத்தால் வேர் வெந்துபோகும். இரண்டு செங்கல் போட்டு அதன் மேல் வையுங்கள், பைகளை நெருக்கி ஒன்றுக்கொன்று நிழல் விழும்படி வையுங்கள், மேற்கு ஓரத்துப் பைக்கு மட்டும் ஒரு வெள்ளைச் சாக்கைச் சுற்றுங்கள். பை 15 அங்குல அகல ஆழத்துக்குக் குறைய வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து: ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றுவது? மத்தியானம் பார்த்தால் செடி செத்தது போலத் தொங்குகிறது.

மத்தியானம் தொங்கினால் பயப்படாதீர்கள், நீராவிப் போக்குக்கு வேர் ஈடுகொடுக்க முடியாமல் இலையைத் தொங்கவிட்டுக்கொள்கிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் விவகாரம். அப்போது விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. ஈரமாக இருந்தும் தொங்கினால் வேரழுகல் அல்லது வாடல் நோய். தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி படும்படி தொங்கவிடுங்கள், சில நிமிடங்களில் பால் போல வெள்ளையாக இழை இறங்கினால் பாக்டீரியா வாடல், செடியோடு மண்ணையும் அப்புறப்படுத்துங்கள்.

எத்தனை தடவை என்று நான் எண்ணிக்கை சொல்ல மாட்டேன், பை அளவும் மண் கலவையும் தெரியாமல் சொல்வது ஏமாற்று. விடியற்காலையில் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள், தேவைப்பட்டால் வெயில் தாழ்ந்ததும் இன்னொரு முறை. தொட்டியிலிருந்து வரும் குழாய் வெயிலில் கிடக்கிறதா, முதலில் வருவது வெந்நீர், அதைப் பிடித்துக் கீழே விடுங்கள். தேங்காய் நார்க் கழிவு அதிகம் போட்டவர்களுக்கு ஒன்று: அது ஒருமுறை சுத்தமாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது, ஓரமாகவே இறங்கி ஓடிவிடும். அடியில் தண்ணீர் வருகிறதே என்று நம்பி ஏமாறாதீர்கள், பையைத் தூக்கிப் பாருங்கள், கனக்க வேண்டும். மேலே வைக்கோலோ சருகோ கரும்புச் சோகையோ இரண்டு மூன்று அங்குலம் மூடாக்கு போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

தஞ்சாவூரிலிருந்து: இலை சுருளுகிறது. வைரஸ்தானே? பிடுங்கிவிடவா?

பொறுங்கள். அடி இலைகள் மட்டும் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, தொட்டால் கொஞ்சம் தடித்து, நுனி நன்றாக வளர்ந்துகொண்டிருந்தால் அது வெயிலுக்குச் செடி செய்யும் தற்காப்பு. நுனி இலைகள் சின்னதாகி, மஞ்சளோடி, சுருங்கி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் இலைச்சுருட்டை வைரஸ், அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கி மூடிய பையில் போட்டுவிடுங்கள். பரப்புவது வெள்ளை ஈ. மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள், நாற்றுப் பருவத்தில் கொசுவலை போட்டு மூடினால் இன்னும் நல்லது, சின்ன வயதில் தொற்றினால்தான் சேதம் பெரிது.

மதுரையிலிருந்து: இலைக்கு அடியில் சிவப்பாகத் தூள் தூளாக, நூலாம்படை மாதிரி.

செம்பேன். தண்ணீரை வேகமாக இலையின் அடியில் பீய்ச்சுங்கள், நாலு நாள் தொடர்ந்து, காலையில். கந்தகம் அடிக்கச் சொல்வார்கள், இந்த வெயிலில் இலை கருகும்.

கடலூரிலிருந்து: பழத்தின் அடி கறுத்துப் போகிறது. முட்டை ஓடு போட்டும் சரியாகவில்லை.

முட்டை ஓடு மக்கி சுண்ணாம்பாகச் செடிக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கும், அதைப் பழத்துக்குக் கொண்டுபோகும் தண்ணீர்தான் ஒழுங்காக இருக்காது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளமாக ஊற்றுவதை நிறுத்துங்கள். கறுத்த காயைப் பறித்துப் போடுங்கள், அது ஆறாது.

விருதுநகரிலிருந்து: பழம் சிவக்கவே மாட்டேன் என்கிறது, மஞ்சளாகவே நிற்கிறது.

சிவப்பு நிறம் தரும் லைகோபீன் 30, 32 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது, மஞ்சள் நிறமி மட்டும் உருவாகும். லேசாக நிறம் மாறினதும் பறித்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வேண்டாம். பழத்தை அணில் கடிக்கிறது என்றாலும் இதுதான் தீர்வு.

சேலத்திலிருந்து: பூவைத் தட்டிவிட்டால் காய் பிடிக்குமா?

பிடிக்கும், காலை ஏழிலிருந்து பத்துக்குள் கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மகரந்தம் கூம்புக்குள் இருக்கிறது, அதிர்ந்தால்தான் கொட்டும், தேனீக்கு அந்த வித்தை தெரியாது, கருவண்டு வந்தால் ‘உய்ங்’ என்று உலுக்கிவிட்டுப் போகும். ஆனால் முதல் கேள்விக்குச் சொன்னதுதான், மகரந்தம் உயிரோடு இருந்தால்தான் சுண்டுவதற்கு அர்த்தம். மார்ச், ஏப்ரலில் நல்ல பலன் தரும், மே நடுவில் விரல் வலிதான் மிச்சம்.

திண்டுக்கல்லிலிருந்து: ஏப்ரலில் காய்த்த செடி இப்போது சும்மா நிற்கிறது. எடுத்துவிடலாமா, ஆடி வரைக்கும் காப்பாற்றலாமா?

தண்டு பச்சையாக, வைரஸ் இல்லாமல் இருந்தால் காப்பாற்றலாம். இப்போது கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யாதீர்கள், அந்த இலைகள்தான் தண்டுக்கு நிழல். தண்ணீர், மூடாக்கு மட்டும் கொடுத்து உரத்தை நிறுத்தி வையுங்கள், பூவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜூன் கடைசியில் காற்று மாறினதும் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டால் புதுத் துளிர் வரும். அதை விடவும் சுலபமானது, நல்ல பக்கக் கிளையாகப் பார்த்து ஆறு அங்குலம் ஒடித்துத் தண்ணீரில் வைத்துவிடுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். பழைய பையிலேயே திரும்ப நடாமல், புது மண்ணில் நடுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அந்த மண்ணில் அடுத்த முறை தக்காளியோ கத்தரியோ வேண்டாம், துலுக்கமல்லி (செண்டுமல்லி) போடுங்கள்.