புழுவே வராத பி.டி. மக்காச்சோள விதை என்கிறார்கள், வாங்கலாமா?

மன்னார்குடி பக்கத்து விவசாயி ஒருவரின் கேள்வி: "சம்பா அறுத்த வயலில் இரண்டு ஏக்கர், போர் தண்ணீரை நம்பி மக்காச்சோளம் போடலாம் என்றிருக்கிறேன். போன வருஷம் பக்கத்து வயலைப் படைப்புழு தின்று தீர்த்தது. 'பி.டி. விதை தருகிறேன், மருந்தே அடிக்க வேண்டாம், பைக்குக் கொஞ்சம் கூட ஆகும்' என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார். எந்த பி.டி. நல்லது?"

எதுவும் வாங்காதீர்கள். பி.டி. என்பது ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்தி, புழுவைக் கொல்லும் நச்சைப் பயிரே உண்டாக்கும்படி செய்த ரகம். இந்தியாவில் பி.டி. மக்காச்சோளத்தைப் பயிர் செய்ய அனுமதியே கிடையாது. 2002-இல் பருத்திக்குத்தான் அனுமதி கொடுத்தார்கள். பி.டி. கத்தரியை 2010-இல் நிறுத்தி வைத்தார்கள். மக்காச்சோளம் அனுமதி வரை வரவேயில்லை. அமெரிக்காவிலும் பிரேசிலிலும் பிலிப்பைன்சிலும் போடுகிறார்கள் என்பது நிஜம்தான், ஆனால் அந்த விதை உங்கள் ஊர்க் கடைக்கு நேர்வழியில் வராது.

நெல் தரிசில் பி.டி. பருத்தி போட்டுப் பழகிய ஊர் உங்களுடையது. பருத்திக்கு இருப்பது மக்காச்சோளத்துக்கும் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். விற்க வருகிறவரும் அதைத்தான் நம்பி வருகிறார். அவர் பையில் இருப்பது பெரும்பாலும் சாதாரண வீரிய ஒட்டு விதையாகவே இருக்கும். கோழித் தீவனத்துக்குப் போகும் மணிக்குச் சாயம் ஏற்றியும் விற்கலாம். கடத்தி வந்த அசல் என்றே வைத்துக்கொண்டாலும் உங்களுக்குத்தான் ஆபத்து: சட்டப்படி அது குற்றம், முளைக்காவிட்டால் புகார் சொல்லவும் வழியில்லை. 'புழுவே வராது' என்பதும் பொய். ஒரு பி.டி. ரகத்தை இதே படைப்புழு கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவில் தின்று பழகி ஜெயித்துவிட்டது. நம் பக்கத்துப் பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அப்படித்தான்.

இந்த ஆட்களை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. ரசீது தரமாட்டார்கள். பணம் அறுவடைக்குப் பிறகு கொடுத்தால் போதும் என்பார்கள், விளைச்சலை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். கடன் வாங்கிவிட்டால் எடையும் விலையும் அவர்கள் சொன்னதுதான். பையைத் திருப்பிப் பாருங்கள்: லாட் எண், முளைப்புத் திறன், சோதித்த தேதி, காலாவதி தேதி, கம்பெனி முகவரி, இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரிமம் உள்ள கடையில் லாட் எண் எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள். காலிப் பையையும் கைப்பிடி விதையையும் அறுவடை வரை வைத்திருங்கள். விதையில் ஏமாந்த விவசாயியும் நுகர்வோர் மன்றம் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. கையில் ரசீது இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், விதை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் பயிர் இடுப்பளவு வளர்ந்துவிடுகிறது. அனுமதியில்லை என்று கோப்பில் எழுதினால் போதுமா? அதை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல ஆள் வேண்டாமா? சொல்ல வேண்டியவர்கள் வராததால்தான் தரகர் வருகிறார்.

சரி, எந்த விதை? தை கடைசியில் ஊன்றி, குறுவை வேலைக்கு முன் வயலைக் காலி செய்யும் வயதுள்ள வீரிய ஒட்டாகவும், கதிரின் நுனிவரை உறை இறுக்கி மூடியிருக்கும் ரகமாகவும் பாருங்கள். உறை இறுகியிருந்தால் கதிருக்குள் புழு நுழைவது குறையும். ஏக்கருக்கு 8 கிலோ போதும்.

விதை நேர்த்தியில் மட்டும் ஒரு விஷயம், இதை நிதானமாகப் படியுங்கள். சயான்ட்ரானிலிபுரோலும் தயமீதாக்சமும் கலந்த மருந்தைக் கிலோவுக்கு 4 மில்லி வீதம் விதையில் கலக்கச் சொல்கிறோம். முதல் இரண்டு மூன்று வாரம் இளம்பயிரை அது காக்கும். ஆனால் கம்பெனியே இந்த மருந்தைப் பூசி விற்கும் பைகளும் உண்டு. அப்படி வாங்கியிருந்தால் மேலே இன்னொரு முறை கலக்காதீர்கள், முளைப்புக் கெடும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். விதை சிவப்பாக இருந்தாலே புழு மருந்து என்று அர்த்தமில்லை, பூஞ்சைக்கொல்லி மட்டும் பூசிய விதையும் சாயத்தோடுதான் வரும். பையில் மருந்தின் பெயர் அச்சடித்திருக்கும், கடைக்காரரை அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பூஞ்சைக்கொல்லி மட்டும் என்றால் புழு மருந்து கலக்க வேண்டும். மிஞ்சிய விதையைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடவே கூடாது.

கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். வரப்போரம் மூன்று வரிசை தட்டைப்பயறு, ஊடே உளுந்து. முளைத்த ஒரு வாரத்திலிருந்து காலையில் வயலைச் சுற்றி வந்து குருத்தைப் பிரித்துப் பாருங்கள். இலையில் வெள்ளையாகச் சுரண்டிய சன்னல் போன்ற தடம் தெரிந்தால் புழு சின்னது, மருந்துக்குக் கட்டுப்படும். குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் குவிந்திருந்தால் உள்ளே பெரிய புழு. அதன் தலையில் தலைகீழ் ஒய் எழுத்தும், வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளியும் இருந்தால் படைப்புழுதான். முட்டைக் குவியலைக் கண்டால் இலையோடு கிள்ளி நசுக்குங்கள்.

இருபது நாளில் சேதம் தெரிந்தால் குளோரான்ட்ரானிலிபுரோல் 18.5 எஸ்.சி. மருந்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி கலந்து அடியுங்கள். நாற்பது நாள் வாக்கில் மறுபடி தேவைப்பட்டால் அதையே அடிக்காமல் இமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. பத்து லிட்டருக்கு 4 கிராம். காலையிலோ மாலையிலோ, கைத் தெளிப்பானின் முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே இறங்கும்படி அடிக்க வேண்டும். இலை மேலே அடித்துவிட்டுப் போனால் காசு வீண். பக்கத்து வயல்காரரையும் உங்களோடு ஒரே வாரத்தில் விதைக்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னுமாகப் போட்டால் முதல் வயலில் பெருகும் பூச்சி அடுத்த வயலின் இளங்குருத்துக்கு வந்துவிடும்.