கருணை மனுவுக்குப் புரோக்கர் எதற்கு?

கேள்வி: கொலை வழக்கில் என் தம்பிக்கு மாவட்ட அமர்வு நீதிமன்றம் போன வாரம் தூக்குத் தண்டனை கொடுத்துவிட்டது. ஜனாதிபதி மாளிகையில் ஆள் இருப்பதாகவும், கருணை மனு போட்டு முடித்துத் தருவதாகவும் ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார். நிலத்தை விற்கலாமா? பணம் இல்லாதவனுக்குத்தான் தூக்கு என்கிறார்களே, உண்மையா?

பதில்: நிலத்தை விற்காதீர்கள். கருணை மனுவுக்குக் கட்டணமே கிடையாது. அதைப் போடும் நேரமும் இன்னும் வரவில்லை. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் முடிந்து, அந்தத் தகவலைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த பிறகு 30 நாள் அவகாசம் உண்டு. முதலில் ஆளுநருக்கு அனுப்பலாம். அவர் நிராகரித்தால் 60 நாளுக்குள் ஜனாதிபதிக்கு அனுப்பலாம். தம்பியே எழுதலாம், உறவினரும் எழுதலாம். இப்போதே பணம் கேட்கிற ஆள், உங்கள் பயத்துக்கு விலை போடுகிறார்.

அமர்வு நீதிமன்றம் கொடுத்த தூக்கை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. கோப்பு தானாகவே அங்கே போகும், குறைந்தது இரண்டு நீதிபதிகள் விசாரிப்பார்கள். சாட்சியங்களை முதலிலிருந்து அலசவும், புதிய சாட்சியம் கேட்கவும், விடுதலையே செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கோப்பு தானாகப் போகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 30 நாளுக்குள் தனியாக மேல்முறையீடும் போட்டாக வேண்டும். தீர்ப்பு நகல் இலவசம். அதற்கும் காசு கேட்பவர்கள் உண்டு, கொடுக்காதீர்கள்.

வக்கீலுக்கு என்ன செய்வது? காவலில் இருப்பவர் யாராயினும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். சிறையில் உள்ள சட்ட உதவி மையத்தில் தம்பி ஒரு மனு எழுதிக் கொடுத்தால் அது உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போகும். தூக்கு வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. “அனுபவம் எத்தனை வருஷம் சார்?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வக்காலத்து, அதாவது வக்கீலை நியமிக்கும் படிவம், வெற்றாக இருந்தால் அதில் மட்டும் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது. சிறை நேர்காணலில் யாராவது தாளை நீட்டினால், வக்கீல் பெயரும் வழக்கு எண்ணும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, பணம் இல்லாதவனுக்குத்தான் தூக்கா என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. சட்டத்தில் அப்படி எழுதவில்லை. நடைமுறையில் பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. ‘அரிதினும் அரிதான’ வழக்கில் மட்டுமே தூக்கு, குற்றத்தை மட்டுமல்லாமல் குற்றவாளியின் பின்னணியையும் எடைபோட வேண்டும் என்பது 1980இலிருந்து இருக்கும் விதி. பின்னணியைத் தேடி எடுத்து வந்து கொடுப்பது யார்? குற்றவாளி என்று அறிவித்த அன்றே தண்டனை குறித்தும் கேட்டு முடித்துவிடுகிறார்கள். வக்கீல் எழுந்து, “வயதான தாயார் இருக்கிறார், கருணை காட்டுங்கள்” என்று இரண்டு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். மனநல மதிப்பீடு, சிறை நடத்தை அறிக்கை இவற்றையெல்லாம் அரசே கொண்டுவர வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேட்டு வாங்காவிட்டால் அவை பல இடங்களில் வருவதில்லை.

அதிர்ஷ்டத்தின் கையும் இதில் உண்டு. ஒரே கொலை வழக்கில் ஒரே தீர்ப்பில் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் வெவ்வேறு நீதிபதிகள் குழு விசாரித்ததில் ஒருவருக்கு அது ஆயுள் தண்டனையானது. இன்னொருவர் 1981இல் தூக்கில் தொங்கினார். மூன்றாமவர் மனு போட்ட பிறகுதான் உச்ச நீதிமன்றத்துக்கே இந்த முரண் தெரிந்தது. மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் 2009இல் ஆறு பேருக்கும் தூக்கு என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், 2019இல் ஆறு பேரும் நிரபராதிகள் என்றது. இடையில் ஒருவரைத் தொங்கவிட்டிருந்தால் எந்த மறுசீராய்வு அவரைத் திருப்பித் தந்திருக்கும்?

ஆகவே பணத்துக்கு அலையாமல் காகிதத்துக்கு அலையுங்கள். பள்ளிப் பதிவேடு, பழைய மருத்துவச் சீட்டுகள், தலையில் அடிபட்டதா, மனநல மருந்து சாப்பிட்டாரா, சிறு வயதில் வேலைக்குப் போனாரா என்பதற்கான சாட்சிகள் எல்லாம் வேண்டும்.

இவற்றில் வயதை மட்டும் இரண்டு முறை பாருங்கள். சம்பவத்தன்று 18 நிரம்பவில்லை என்றால் தூக்குத் தண்டனைக்கே இடமில்லை. இந்த வாதத்தை எந்தக் கட்டத்திலும், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும்கூட, எழுப்பலாம். புனே வழக்கு ஒன்றில் தூக்கு விதிக்கப்பட்டவருக்குச் சம்பவத்தின்போது வயது 12 ஆண்டு 6 மாதம்தான் என்று 2023இல் உறுதியாகி, 28 ஆண்டுக்கும் மேல் சிறையிலிருந்த அவர் விடுதலையானார். பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயர் வேறு மாதிரி இருந்ததால், அந்தப் பையன்தான் இவர் என்று நிரூபிப்பதே பெரும்பாடானது. ஆகவே போலீஸ் எழுதிய வயதை நம்பாதீர்கள், தோராயமாக ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள். பள்ளிப் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோ எடுங்கள். அவை இல்லையென்றால்தான் உள்ளாட்சிப் பிறப்புச் சான்று. எதுவுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை; அதில் ஓரிரு வருடம் முன்பின் வரும். பெயர் எழுத்து மாறியிருந்தால், ஒரே ஆள்தான் என்று காட்ட ரேஷன் கார்டு, பெற்றோர் பெயர், ஊர்ப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

அந்த ஆளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? வாட்ஸ்அப் செய்திகளையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள். தம்பியிடம் ஏதாவது வக்காலத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால், அதை ரத்து செய்வதாகச் சிறையிலிருந்தே சட்டப் பணிகள் குழுவுக்கு இந்த வாரமே அவர் எழுதட்டும். மேல்முறையீட்டுக்கான 30 நாளில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.