மாக்குலர் ஹோலுக்குப் பனிக்குடச் சவ்வு: கேள்வி பதில்

பனிக்குடச் சவ்வு என்பது வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கும் பையின் சவ்வு. விழித்திரை அறுவை சிகிச்சையில் அதைப் பயன்படுத்துவது பற்றிக் கேளுங்கள். நான் விழித்திரை மருத்துவர். என் துறைக்குள் வருவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஈரோடு: அம்மாவுக்கு மாக்குலர் ஹோல். ஆபரேஷன் செய்தும் ஓட்டை மூடவில்லை. பிரசவத்தில் எடுக்கும் சவ்வை வைக்கலாம் என்கிறார்கள். கண்ணுக்குள் அதை எப்படி வைப்பார்கள், டாக்டர்?

எழுத்து படிக்க, முகம் பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்புள்ளியில் விழும் ஓட்டைதான் மாக்குலர் ஹோல். 1991-இல் கெல்லி, வெண்டல் என்ற மருத்துவர்கள் இதை ஆபரேஷனில் மூட முடியும் என்று காட்டினார்கள். கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியை எடுத்து, விழித்திரையின் மேல் இருக்கும் மெல்லிய ஐ.எல்.எம். படலத்தை உரித்து, கேஸ் நிரப்புவோம். பெரும்பாலோருக்கு முதல் தடவையே மூடிவிடும். மூடாமல் போனவர்களுக்குத்தான் இந்தச் சவ்வு. இத்தாலியில் ஸ்தனிஸ்லாவோ ரிட்ஸோவின் குழு 2019-இல் வெளியிட்ட கட்டுரையில் 14 பேர். 8 பேருக்கு மாக்குலர் ஹோல், 6 பேருக்கு விழித்திரை விலகல், அதாவது விழித்திரை தன் இடத்திலிருந்து பிரிந்துவிடுவது.

சவ்வுக்கு இரண்டு பக்கம். ஒன்று வழவழப்பு, இன்னொன்று ஒட்டும். ஃபோர்செப்ஸ் நுனியால் லேசாகத் தொட்டால் ஒட்டும் பக்கம் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் கீழே போக வேண்டும் என்று முடிவு செய்வோம். பிறகு வட்டமாக வெட்டும் ‘பஞ்ச்’ கருவியால் ஓட்டையைவிடச் சற்றே பெரிய வட்டமாக வெட்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாக உள்ளே கொண்டுபோவோம். திரவத்துக்குள் போனதும் அது சுருளும், மிதக்கும். பொறுமையாக விரித்து, ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி ஓட்டையின் விளிம்புக்கு அடியில் செருக வேண்டும். அப்புறம் கேஸோ சிலிக்கோன் ஆயிலோ நிரப்பி முடிப்போம்.

சேலம்: அடுத்தவர் உடம்பின் சவ்வு ஆயிற்றே, நம் கண் ஏற்குமா?

பொதுவாக ஏற்கும். அதில் ரத்தக் குழாய் கிடையாது, எதிர்ப்பைத் தூண்டும் தன்மையும் மிகக் குறைவு. சிசேரியனில் தானம் தரும் தாய்க்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். சவ்வு எந்தத் திசு வங்கியிலிருந்து வருகிறது என்று தயங்காமல் கேளுங்கள்.

மதுரை: ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் கொடைக்கானலில் தங்கை கல்யாணம். போகலாமா?

கண்ணில் கேஸ் இருந்தால் போகவே கூடாது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கேஸ் விரியும், கண்ணின் அழுத்தம் எகிறி ரத்த ஓட்டம் நின்று பார்வையே போகலாம். விமானமும் கூடாது. நிரப்பியது எஸ்.எஃப்.6 என்ற கேஸ் என்றால் கரைய இரண்டு வாரம் போல ஆகும், சி3.எஃப்.8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம். இடையில் பல், குடலிறக்கம் என்று வேறு எதற்கு மயக்க மருந்து கொடுத்தாலும் கண்ணில் கேஸ் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். மயக்கத்துக்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடும் கண்ணில் உள்ள கேஸை விரிக்கும்.

கோவை: ஓ.சி.டி. ஸ்கேனில் விழித்திரை அடுக்குகள் மறுபடி வளர்வதாகப் படித்தேன். ஸ்டெம் செல் வேலைதானே? விழித்திரை செல்கள் பரம்பரையாக அழியும் ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசாவுக்கும் வைக்கலாமே?

கூடாது. ஸ்கேனில் தெரிவது சவ்வின் மேல் திசு நகர்ந்து வந்து மூடியிருப்பது. ஒளியை உணரும் செல்கள் புதிதாக முளைத்தன என்பதற்கு அது சாட்சி ஆகாது. உறையவைத்துச் சேமித்த சவ்வில் பெரும்பாலான செல்கள் உயிரோடு இருக்காது. கொடி ஏறப் பந்தல் போடுவதுபோல, சுற்றியுள்ள திசு நகர்ந்து வர அது இடம் தருகிறது.

கோவை (மறுபடி): ஆனால் வெறும் கையசைவு தெரிந்தவர்கள் எழுத்து படிக்கிறார்களே மேடம்?

சிலர் படிக்கிறார்கள், எனக்கும் அதில் சந்தோஷம்தான். விளிம்பில் உயிரோடு இருந்த செல்கள் நடுவுக்கு நெருங்கி வந்தாலே அவ்வளவு கிடைக்கலாம். ஸ்டெம் செல் என்ற பேரைக் கேட்டுக் காசைக் கொட்டாதீர்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடா கிளினிக் ஒன்றில் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் கடுமையாகப் பார்வை இழந்தார்கள். 2017-இல் மருத்துவ இதழிலேயே வந்தது.

திருச்சி, கண் மருத்துவர்: நோயாளியின் சொந்த விழித்திரையிலேயே ஒரு துண்டு வெட்டி வைத்தால் ஒளி செல்களும் கூட வருமே. சவ்வு எதற்கு?

நல்ல வாதம், டாக்டர். அந்த முறையும் 2016-லிருந்து இருக்கிறது. ஆனால் துண்டு எடுக்க நல்ல விழித்திரையைக் காயப்படுத்தி, சுற்றி லேசர் போட வேண்டும். அங்கிருந்து விலகல் தொடங்கும் ஆபத்து உண்டு. ஏற்கெனவே இரண்டு ஆபரேஷன் பட்ட கண்ணில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. ஐ.எல்.எம். மிச்சம் இருந்தால் முதலில் அதையே எடுத்து ஓட்டையில் வைப்பேன், இல்லாவிட்டால் சவ்வு. வரிசை மாறக்கூடாது என்பதில் நான் உறுதி.

வேலூர்: பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தை வங்கியில் போட்டோம். உதவுமா?

உதவாது. அது வேறு, இது வேறு.

தஞ்சாவூர்: சர்க்கரையால் கண்ணில் ரத்தக் கசிவு...

இந்தச் சவ்வு அதற்கில்லை. இந்த வாரமே விழித்திரை மருத்துவரைப் பாருங்கள்.

நெல்லை: சவ்வு வைத்தால் பார்வை முழுசாக வருமா?

இதே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து: ஓட்டை மூடுவது வேறு, பார்வை திரும்புவது வேறு. ஓட்டை எத்தனை மாதம் திறந்திருந்தது என்பதுதான் பெரிதும் முடிவு செய்யும்.

நாமக்கல்: கொடைக்கானல் இல்லை, ஏற்காடு?

ஏற்காடும் மலைதான். கேஸ் கரைந்துவிட்டது என்று உங்கள் டாக்டர் சொல்லும்வரை கூடாது.

காரைக்குடி: ஆபரேஷனுக்குப் பிறகு குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள். அப்பாவுக்குக் கழுத்து வலி, அப்படிப் படுக்க முடியாதே?

ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். படுக்க முடியாவிட்டால் மேஜையில் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்து உட்காரலாம். முகம் தரையைப் பார்த்தால் போதும். சாப்பிட, பாத்ரூம் போக எழுந்திருக்கலாம். எத்தனை நாள் என்பதை ஆபரேஷன் செய்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.