மருத்துவ சீட்டுக்காக நிலத்தை விற்கும் முன்

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு முறை நீட் எழுதியும் மகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கான மதிப்பெண் வரவில்லை. உங்கள் கொழுந்தனார் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். இடம் ‘பேசி வைத்திருக்கிறார்’. முன்பணத்துக்காகக் கிணற்றோடு இருக்கும் இரண்டு ஏக்கரை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: விற்காதீர்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழக மருத்துவ இடங்கள் மத்திய கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. இடையில் ஒருவர் பேசி வைத்து முன்பணம் வாங்க அதில் வழியே இல்லை. அப்படிக் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சரி, கலந்தாய்விலேயே இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் 20 லட்சத்துக்குக் குறையாது. நான்கரை ஆண்டுக்கு 90 லட்சம், விடுதிச் செலவு தனி. நிலம் போன பிறகு மீதிக்குக் கடன். படிப்பு முடிந்ததும் மேற்படிப்புக்கு இன்னொரு நீட். ‘நம்ம வீட்டில் ஒரு டாக்டர்’ என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படும் உறவினர்களில் ஒருவராவது தவணை கட்ட வருவாரா?

உங்கள் கடிதத்தில் ஒரு பத்தியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். போன ஆண்டு உங்கள் சினை ஆடுகள் நாள் நிறையும் முன்பே அடுத்தடுத்துக் குட்டி வீசியபோது, உங்கள் மகள் கால்நடை மருத்துவரை விடாமல் கேள்வி கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டுக்கு வந்த கிருமிதான் பாட்டியின் விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கும் காரணமா, பாட்டிக்கு ஏன் காய்ச்சலோடு போயிற்று என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். ‘படிக்கிற நேரத்தில் இதெல்லாம் இவளுக்கு எதற்கு’ என்று அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மா, அவள் போக வேண்டிய திசை எனக்கு அங்கேதான் தெரிகிறது.

பொறியியல், நர்சிங், பார்மசி பற்றி உங்களிடம் சொல்ல ஊரே இருக்கிறது. நான் சொல்ல வருவது கால்நடை மருத்துவம் படித்து, விலங்கிலிருந்து மனிதருக்குப் பரவும் பாக்டீரியா நோய்களை ஆய்வக விலங்குகளைக் கொண்டு ஆராயும் துறை.

எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் இனாடா, இடோ என்ற இரு மருத்துவர்கள் 1915-இல் நோயாளிகளின் ரத்தத்தைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தித்தான் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். லெப்டோஸ்பைரா என்ற அதே கிருமி, எலியின் சிறுநீரகத்தில் ஒரு தொந்தரவும் தராமல் மாதக்கணக்கில் குடியிருந்து சிறுநீரில் வெளியேறும். எலி போன்ற சிறு விலங்கான ஹாம்ஸ்டருக்குச் செலுத்தினால் சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடும். கிருமி எப்படி ஒளிந்திருக்கிறது என்று அறிய எலி வேண்டும். தடுப்பூசி உயிரைக் காக்குமா என்று பார்க்க ஹாம்ஸ்டர் வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த விலங்கு என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

தவறான விலங்கைத் தேர்ந்தெடுத்தால் விடையும் தவறாகிவிடும். உணவு வழியாகப் பரவும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா, மனிதக் குடலுக்குள் நுழைய ஒரு புரதத்தைச் சாவி போலப் பயன்படுத்துகிறது. சுண்டெலிக் குடலில் அதற்கான பூட்டில் ஒரே ஒரு அமினோ அமிலம் வேறாக இருப்பதால் அந்தச் சாவி சேராது. இதை 1999-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை சுண்டெலிக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் மனிதக் குடலைப் பற்றி முழு உண்மையைச் சொல்லவில்லை.

உங்கள் மகளின் கேள்விக்கும் இங்கே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. கன்று வீச்சு நோயை உண்டாக்கும் புருசெல்லா, எரித்ரிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளில் செழித்து வளரும். ஆடு, மாடுகளின் நஞ்சுக்கொடியில் அது நிறைய இருக்கிறது. மனிதரிடமும் சுண்டெலியிடமும் அப்படி இல்லை. ஆடு குட்டி வீசுவதற்கு இது ஒரு காரணம் என்று 1960-களிலேயே எழுதினார்கள். இது மட்டும்தான் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இப்படிப்பட்ட கேள்வியைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் தானாகக் கேட்டிருக்கிறாள். இதைத்தானா ‘எதற்கு’ என்று கேட்கிறீர்கள்?

வழி இதுதான். கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. ஐந்தரை ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு பயிற்சி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் மாநில இடங்களுக்கு நீட் கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு மட்டும் நீட். 1903-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியோடு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு எனப் பல கல்லூரிகள் இருக்கின்றன. கொழுந்தனார் சொல்லும் எம்.பி.பி.எஸ். இடத்தின் ஓராண்டுக் கட்டணத்தில் இங்கே விடுதியோடு முழுப் படிப்பையும் முடித்துவிடலாம். மகள் தனியார் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத அரசுப் பள்ளி ஒதுக்கீடு கிடைக்காது. அவள் மதிப்பெண்ணுக்கு அது இல்லாமலே முயலலாம்.

அப்புறம் மேற்படிப்பான எம்.வி.எஸ்சி.யில் நுண்ணுயிரியல், நோய்க்குறியியல், பொதுச் சுகாதாரம் மூன்றில் ஒன்று. இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் இருக்கிறது, கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனம் பெங்களூரில், விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் ஹைதராபாத்தில். தேசியத் தகுதித் தேர்வில் வென்று முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர்களுக்கு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

‘அதற்குப் பேசாமல் பயோடெக்னாலஜி சேர்த்துவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். விலங்குச் சோதனை நடக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும், அதில் கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்ட விதி. ஆராய்ச்சி பிடிக்காமல் போனால் அரசுத் தேர்வெழுதிக் கால்நடை உதவி மருத்துவராகலாம். வெறும் பயோடெக் பட்டத்தில் இந்த இரண்டும் கிடையாது.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். இந்த வேலையில் விலங்குக்கு நோயை உண்டாக்க வேண்டும், வலி தெரியாமல் கொல்லவும் வேண்டும். எத்தனை குறைவான விலங்கில் முடிக்கலாம், விலங்கே இல்லாமல் முடியுமா என்று ஒவ்வொரு முறையும் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். புருசெல்லா ஆய்வகத்தில் இருப்பவரையே எளிதில் தொற்றும். அதனால் மணிக்கணக்கில் முகக்கவசமும் பாதுகாப்பு உடையுமாக நிற்க வேண்டும். விலங்குகள் மேல் பாசம் மட்டுமே இருக்கிறது, இதற்கு மனம் ஒப்பவில்லை என்று அவள் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். மாமா, சித்தப்பா யாரையும் வற்புறுத்தவும் விடாதீர்கள்.

பல மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் சொல்லி, அனுமதி வாங்கி, ஒரு நாள் அவளை அங்கே அனுப்புங்கள். இறந்த ஆட்டை அறுத்து மாதிரி எடுப்பதை அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். திரும்பி வந்ததும் கொழுந்தனார் இல்லாத நேரத்தில் அவளிடம் கேளுங்கள். வேண்டும் என்றால், விண்ணப்பத் தேதி முடிவதற்குள் பல்கலைக்கழக இணையதளத்தில் பதிவு செய்துவிடுங்கள். வேண்டாம் என்றால் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், வேறு வழிகளைப் பார்ப்போம். எப்படியானாலும் அந்த முன்பணத்தை மட்டும் கட்டாதீர்கள்.